முளை அடிக்காத மூலை

பஞ்சாலை மேட்டில் பள்ளிக்கூடத்துச் சுவர் முதல் தடவையாக நகர்ந்த அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. ஆகையால் தெருவே தண்ணீர் லாரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்ததே தவிர, முந்தின நாள் வரைக்கும் சுவருக்கு வெளியே, சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த பிச்சைமணியின் பெட்டிக்கடை விடிந்து பார்த்தால் சுவருக்கு உள்ளே, கொடிக்கம்பத்துக்குப் பக்கவாட்டில் இருந்ததைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. பிச்சைமணியே வழக்கம்போலச் சைக்கிளில் வந்து இறங்கி, கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் "கடை உள்ள போயிருச்சாம்ல?" என்று கேட்டு, "போயிருச்சுண்ணே, சைக்கிளை அங்கிட்டு ஓரமா விடுங்க" என்று பதில் வாங்கிக்கொண்டு, உள்ளே போய்ப் பலகையைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார். அந்தச் சந்து வழியாகப் போகிற ஆட்டோக்காரர்கள் கேட்டில் ஹாரன் அடித்தார்கள், வாட்ச்மேன் திறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒருத்தி மட்டும் கேட்டையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் பெயர் செண்பகவல்லி. ஊர் அவளை இஞ்சினியரம்மா என்று கூப்பிடும். இஞ்சினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானத்தா" என்று சொல்லிவிட்டார்கள், அவளும் விட்டுவிட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் போடாத கோடு ஒன்றுகூடக் கிடையாது. மூடிக்கிடந்த பஞ்சாலையை இடித்துப் பள்ளிக்கூடம் கட்டப்போகிறேன் என்று ஆலைக்காரர் சம்சாரம் தங்கபுஷ்பம் அம்மாள் கிளம்பியபோது, நகரத்தில் உள்ள பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் கண்ணாடிக் கட்டடம் வரைந்து கொண்டுவந்து காட்ட, அந்தம்மா அத்தனையையும் ஒதுக்கிவிட்டுச் செண்பகாவைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"சுவத்தப் பாத்து உக்காந்து மனப்பாடம் பண்ணித்தான் நாமெல்லாம் இந்த லட்சணத்துல இருக்கோம்" என்றார்கள் தங்கபுஷ்பம். "என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அலையணும். எதையாவது தேடணும். தொலைஞ்சு போயி, தானா வழி கண்டுபிடிச்சுத் திரும்பி வரணும். அப்படி ஒண்ணு வரைஞ்சு கொண்டா."

தொலைஞ்சு போயி என்ற வார்த்தையைக் கேட்டதும் செண்பகாவுக்குக் காது அடைத்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

வரைந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அருமையாக வரைந்தாள். வகுப்பறைகளை ரயில்பெட்டி மாதிரி வரிசையாக நிறுத்தாமல், பழைய ஊர்ச் சந்துகள் போல வளைத்து வளைத்துவிட்டாள். ஒரு மாடிப்படி ஏறி ஏறி ஒரு ஜன்னலில் போய் முடியும். அந்த ஜன்னலில் ஒரு பிள்ளையின் தாடை வைக்கத்தான் இடம் இருக்கும். ஒரு சுவரில் பெரியவர்கள் நுழைய முடியாத ஓட்டை. நூலகத்தைப் பழைய புளியமரத்தைச் சுற்றிக் கட்டி, கிளைகளை அலமாரிக்குள் நுழையவிட்டாள். ஆலையின் துருப்பிடித்த பாய்லரைத் தேய்த்துக் கழுவி, குகை என்று விட்டுவைத்தாள். ஓர் அறைக்குப் பெயர்ப்பலகையே இல்லை. அது எதற்கு என்று பிள்ளைகளே முடிவு பண்ணிக்கொள்ளட்டும் என்றாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், மூலைக்கு மூலை ஒளிந்துகொள்ள இடம் வைத்திருக்கிறாளே மகராசி என்று மெச்சினார்கள். அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஒளிந்துகொள்ளும் இடம் அத்தனையும், அந்தக் குகை, அந்த ஓட்டை, புளியங்கிளை எல்லாமே, வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும். அதற்காகவே ஒவ்வொரு சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரைந்திருந்தாள்.

காரணம் அவள் மகள் நிவிதா. சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில், நாலு வயசுப் பிள்ளையின் கை நழுவிவிட்டது. கொஞ்ச நேரம்தான். நீர்மோர்ப் பந்தலில் ஒரு போலீஸ்காரர் மடியில் உட்கார்ந்து பொங்கலைத் தின்றுகொண்டு, அழாமல், கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளை. பிள்ளைக்கு அன்றோடு மறந்துபோனது. பெத்தவளுக்கு மறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு செண்பகா மகளின் கையைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டைப் பிடிப்பாள். கை நழுவும், மணிக்கட்டு நழுவாது என்பது அவள் கணக்கு. புருஷன் கத்தாரில் இருந்து போனில் "விடும்மா, பிள்ளை விளையாடட்டும்" என்பான். அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு என்ன?

இனி முளை விஷயத்துக்கு வருவோம். அடித்தளம் போடுகிற அன்றைக்கு நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிய மரமுளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றோடு சுண்ணாம்புக்கோடு இழுத்துவிட்டால்தான் மனைக்கு எல்லை என்று ஒன்று உண்டு. ஒரு மூலைக்குத் தங்கபுஷ்பம், ஒரு மூலைக்குப் பூசாரி, ஒரு மூலைக்கு மேஸ்திரி சூசைமாணிக்கம், வடகிழக்கான ஈசானிய மூலைக்கு, படம் வரைந்த கை என்பதால் செண்பகா. நல்ல நேரம் முடியப்போகுது, முடியப்போகுது என்று மேஸ்திரி காலில் வெந்நீர் ஊற்றினாற்போலக் குதித்துக்கொண்டிருக்க, செண்பகா கயிற்று முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் முளையும் ஒரு கையில் கல்லுமாகக் குனிந்து, அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற நிவியைக் காணோம்.

ஒரு கீரிப்பிள்ளை பின்னால் போயிருந்தது பிள்ளை. செண்பகா முளையோடும் கயிறோடும் ஓடி, இடிந்த ஆலைச் சுவர்களுக்கு ஊடே கத்திக்கொண்டே போய், பிடித்து, மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், மேஸ்திரி குத்துமதிப்பாக அவள் நின்ற திக்கைப் பார்த்துச் சுண்ணாம்புக்கோட்டை இழுத்து முடித்திருந்தார். "அடிச்சாச்சாம்மா?" என்று தூரத்தில் இருந்து கேட்டார். "ஆச்சு" என்றாள். முளை அவள் கைப்பைக்குள் போனது. கயிறு அழுத்திய தடம் மணிக்கட்டில் ரொம்ப நேரம் சிவப்பாக இருந்தது.

அப்படித்தான் பள்ளிக்கூடம் எழும்பியது, திறந்தது. விரிவாக்க வேலை இருக்கிறது என்று சொல்லித் தங்கபுஷ்பம் அவளுக்கு உள்ளேயே ஒரு மேசை போட்டுக்கொடுத்தார்கள். அவள் மேசையில் உட்கார்ந்ததைவிட வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததே அதிகம். காலையில் மற்றத் தாய்மார்கள் கேட்டோடு நின்று, பிள்ளையின் தலையைத் தடவி, "போயிட்டு வா" என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள். செண்பகா நிவியின் மணிக்கட்டைப் பிடித்தபடி அவளோடேயே உள்ளே போய்விடுவாள். அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

சுவர் நகர்வதற்கு முந்தின நாள் இடைவேளையில், மூன்றாம் வகுப்பு நிவி கேட்டுக்குப் போய், சந்துக்கு அந்தப் பக்கம் பிச்சைமணி கடையில் தொங்கிய பலூன் அட்டையைப் பார்த்து, நிலைப்படிக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்தாள். வேப்பமரத்தடியில் இருந்த செண்பகாவுக்கு மணிக்கட்டில் கயிறு சுற்றிய அதே இடத்தில் சுருக்கென்று இழுத்தது. விடிந்தால் கடை உள்ளே.

தங்கபுஷ்பம் குடையைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றிவந்து பார்த்தார்கள். கூடுதலாக ஒரு செங்கல் கிடையாது. ஆனால் செங்கல் போதாமலும் இல்லை. ஈசானிய மூலை மட்டும் பக்கத்தில் இருந்த கேட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் போயிருக்க, இரண்டு பக்கச் சுவரும் அதற்குத் தோதாக நீண்டு கொடுத்திருந்தன. "பிள்ளைக போக ஆசைப்பட்ட எடத்துக்குப் பள்ளிக்கூடமே எந்திரிச்சுப் போயிருச்சு" என்றார்கள். "இதத்தான நான் கேட்டேன்! பிச்சைமணிக்கு ஒரு அடையாள அட்டை அடிங்க."

கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்ட பிச்சைமணி, பள்ளிக்கூடத்துக்குள் பீடி சிகரெட் விற்கக்கூடாது என்று யாரும் சொல்வதற்கு முன்னால் தானே எடுத்து ஒதுக்கிவிட்டுக் கடலைமிட்டாய் அடுக்கினார். பீடி குடிக்கிறவர்கள் அடுத்த தெருக் கடைக்கு நடந்தார்கள். அடுத்த தெருவும் உள்ளே வந்தது. அதற்கு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள், அதுவும் வந்தது. கடைசியில் ஊரில் பாதிப் பேர் நடந்து நடந்தே புகைப்பதையே விட்டார்கள்.

என்னென்ன வந்தது என்று கேட்டால், பரோட்டாக்கடை வந்தது, இஸ்திரி வண்டி வந்தது, பிள்ளையார் கோயில் வந்தது, கோயிலுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் வந்தது, டிரான்ஸ்பார்மர் மேல் கூடு கட்டியிருந்த காக்கை வந்தது, வெல்டிங் பட்டறை வந்தது, பட்டறைக்காரன் சம்சாரம் வளர்த்த வான்கோழி வந்தது, தையல்காரர் வந்தார், அவரிடம் துணி கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்தவர்களும் கூடவே வந்தார்கள். பிள்ளையாருக்கு நைவேத்தியம் இடைவேளை மணிக்கு ஆனது. கல்யாண மண்டபம் உள்ளே வந்தபோது ஊர் கொஞ்சம் யோசித்தது, பிறகு அதற்கும் பழகிக்கொண்டது. பத்திரிகையில் 'மூன்றாம் பீரியட் முடிந்து வரும் சுபமுகூர்த்தத்தில்' என்று அச்சடித்தார்கள்; மாப்பிள்ளை ஊர்வலம் காலை வழிபாட்டுக்கு நடுத்தெருவில் அசையாமல் நின்றது, குதிரை உட்பட; கணக்குப் பரீட்சை நடக்கும்போது தவில்காரர் விரலால் தொட்டும் தொடாமலும் வாசித்தார். போலீஸ் அவுட்போஸ்ட் உள்ளே வந்த மறுநாள், லேட்டாக வந்த ஏட்டய்யாவை பி.டி. மாஸ்டர் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். அவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட்டும் அடித்தார். அளந்து பார்க்க வந்த அதிகாரி ஒருவர், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு திரும்பிப் போனால், அவர் ஆபீசே காம்பவுண்டுக்குள் இருந்தது. அவரும் அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். அலைந்தார்கள். பரோட்டா மாவை வீசக் கற்றுக்கொண்டு மேலெல்லாம் எண்ணெயாக வந்தார்கள். வெல்டிங் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தார்கள். தையல்காரரிடம், ஏன் சொன்ன நாளுக்குத் தருவதில்லை என்று கூட்டமாகப் போய்க் கேட்டு, அவர் சொன்ன காரணங்களைச் சார்ட் போட்டு ஒட்டினார்கள். தங்கபுஷ்பத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரிங்கம்மா, இந்தத் தேடுறதுல எம் பையன் எத்தனாவது ரேங்க்?" என்று கேட்டார். மாடியில் ஓர் அறை பிடித்துத் 'தேடல் ஸ்பெஷல் கோச்சிங்' என்று ஒருத்தன் போர்டு மாட்டினான். அங்கே பிள்ளைகள் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்து எப்படித் தேடுவது என்று எழுதிப் பழகினார்கள்.

செண்பகாவைத் தேடி வெளியூர்களில் இருந்து ஆள் வந்தார்கள், மாலை போட்டார்கள், எப்படிம்மா எல்லையே இல்லாமல் யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். சுவர் எல்லை இல்லாமல் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். நிவியின் கால் எங்கே நீளுகிறதோ அங்கே எல்லை ஓடிப்போய் முன்னால் நின்றுகொள்கிறது. ஒவ்வொரு விடியலிலும் கைப்பைக்குள் கையை விட்டு முளை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். இருக்கும். எடுத்துப்போய் அடித்துவிடலாம் என்று நினைப்பாள். அடித்துவிட்டால் பிள்ளை அதைத் தாண்டி வெளியே போய்விடுமே என்று நினைப்பாள். கை தானாக வெளியே வந்துவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர்த் தாய்மார்களுக்குச் சுவர் நகர நகர நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. முன்னெல்லாம் மணி அடித்துக் கொஞ்ச நேரம் பிள்ளை வரவில்லை என்றால் கையும் ஓடாது காலும் ஓடாது. இப்போது, "எங்க போயிறப் போகுது? காம்பவுண்டுக்குள்ளதான கெடக்கும்" என்று சொல்லிவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினார்கள். கேட்டு வரைக்கும் கொண்டுவந்து விடுகிற வேலையும் இல்லை, கேட்டே எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. யாரும் யாரையும் பார்த்துப் போயிட்டு வா என்று சொல்வதும் நின்றுபோனது. எல்லாரும் உள்ளேயே இருக்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

அப்புறம் ஒருநாள் செண்பகாவின் வீடும் உள்ளே வந்தது. அன்றைக்கு அவள் தாழ்ப்பாள் போடாமல் தூங்கினாள், கல்யாணமான நாளில் இருந்து அப்படித் தூங்கியதில்லை.

பிள்ளைகள்தான் மாறிப்போனார்கள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. கடைசி மணி என்று ஒன்று இருக்கிறதே, நீளமாக அடிக்கிற மணி, அது அடித்ததும் ஓவென்று ஓர் இரைச்சல் கிளம்பிக் கேட்டை உடைத்துக்கொண்டு தெருவில் கொட்டுமே, அந்த இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மணி அடிக்கும், பிள்ளைகள் எழுந்திருப்பார்கள், கேட்டு இருக்கிற திக்கைப் பார்ப்பார்கள், அது பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும், ஆகவே பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு நடப்பார்கள். வீட்டில் அம்மா கழுத்தில் அட்டையோடு கதவைத் திறப்பாள். பாய்லர் குகையில் யாரும் ஒளியவில்லை. ஜன்னல்படியில் ஏறி யாரும் தாடையை வைக்கவில்லை. அங்கிருந்து எட்டிப் பார்த்தாலும் பள்ளிக்கூடம்தான் தெரியும்.

நிவி வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதில்லை. ஷூவோடு சாப்பிட்டாள், ஷூவோடு டிவி பார்த்தாள், ஷூவோடேயே படுத்துத் தூங்கிப்போனாள். தூங்கினபின் செண்பகா மெதுவாகக் கழற்றி வைப்பாள், காலையில் கண்ணைத் திறந்ததும் மாட்டிக்கொள்வாள். பாதம் வெந்துபோய் வெளுத்திருந்தது.

"ஷூவைக் கழட்டு நிவி. வீட்டுக்கு வந்தாச்சுல்ல?"

"இன்னும் ஸ்கூல் விடலம்மா."

"மணி அடிச்சுருச்சேடி."

"மணி அடிச்சா வெளிய போகணும்ல? நான் வெளியவே போகலயே. இதுவும் உள்ளதான்."

பிள்ளை பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசியது.

"நேத்து எங்க கிளாஸ் ரோசியோட கண்மாய்க்கரை வரைக்கும் நடந்து போனேம்மா. நான் ஒரு எட்டு வச்சா கேட்டும் ஒரு எட்டு அங்கிட்டுத் தள்ளிப் போகுது. ஓடிப் பாத்தேன், அதுவும் ஓடுது. ரோசி ஓடுனா ஓட மாட்டேங்குது. நான் ஓடுனா மட்டும்தான் ஓடுது."

செண்பகாவுக்கு இது தெரியும். ஸ்கூட்டியில் ஒரு தெரு இடைவெளி விட்டுப் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் அவள்.

"சுவத்துக்கு என்னைய மட்டும் பிடிக்கலயாம்மா?" என்று கேட்டாள் நிவி.

பிடிக்காமலா! உன்னைப் பிடித்துப்போய்த்தாண்டி அது இப்படி ஓடுகிறது என்று சொல்ல வந்த செண்பகா, சொல்லாமல் எழுந்து அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் தங்கபுஷ்பத்திடம் போய் நின்றாள். "அம்மா, அந்த ஈசானிய மூலையில நான் முளையே அடிக்கல. பையிலதான் இருக்கு."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். "நல்லதாப் போச்சு. அடிச்சிராத."

"பிள்ளைக வெளிய போக முடியலம்மா."

"வெளிய என்ன இருக்கு? லாரி இருக்கு, கிணறு இருக்கு, நாய் இருக்கு, நல்லவன் கெட்டவன் எல்லாம் இருக்கான். இங்கன எந்தத் தாயாவது இப்ப பயந்து கெடக்காளா? நீ முளையை அடிச்சேன்னு வையி, அத்தனை பயமும் திரும்ப வந்து வாசல்ல உக்காரும். ஊரு உன்னையத்தான் ஏசும்."

"தொலைஞ்சு திரும்பி வரணும்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

தங்கபுஷ்பம் கண்ணாடியை மறுபடியும் கழற்றினார்கள். "சொன்னேன்" என்றார்கள் பிறகு. "அப்ப எனக்குத் தூக்கமே வராது ஆத்தா. இப்ப நல்லாத் தூங்குறேன்." அதற்குமேல் அவர்கள் அவளைத் தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம், கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால், செண்பகா வகுப்பில் இருந்து நிவியைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஊரின் அந்தக் கோடிக்குப் போனாள். கண்மாய்க்கரையில் பனைகளுக்கு முன்னால் ஈசானிய மூலை நின்றது, ஆலையின் பழைய செங்கல்லோடு, பக்கத்தில் கேட்டோடு. மணிக்கட்டைப் பிடித்தே கேட்டு வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். அங்கே நின்று, மூலையைப் பார்த்தாள், கைப்பையைத் திறந்து முளையை எடுத்தாள், கரையில் கிடந்த கல் ஒன்றைக் காலால் இழுத்துக்கொண்டாள். முளையைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அடிக்க ஒரு கை வேண்டும். இது அவளுக்கு அங்கே வந்தபிறகுதான் உறைத்தது. பிள்ளையைப் பிடிக்க அவளிடம் கை இல்லை.

விட்டாள். நிவியின் மணிக்கட்டில் விரல் தடம் வளையல் மாதிரி பதிந்திருந்தது.

"நீ போ."

"நீ வரலயா?"

"எனக்கு இங்கன வேலை இருக்கு."

நிவி கேட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எம்புட்டுத் தூரம் போகட்டும்?"

ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் அளந்தே பிழைத்தவள் செண்பகா. இதற்கு அவளிடம் அளவு இல்லை. "உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்" என்றாள்.

குனிந்தாள். முளையை மண்ணில் ஊன்றிக் கல்லை ஓங்கினாள். நிவியின் ஷூச் சத்தம் கேட்டை நோக்கிப் போனது, மணிக்கட்டில் சுருக்கென்று இழுத்தது, சுவர் புறப்படத் தயாராகி அடியில் இருந்து நடுங்கியது. அடித்தாள். மண் காய்ந்து கல்லாய்க் கிடந்தது, முளை இறங்கவில்லை. நிமிர்ந்து பார் பார் என்று கழுத்து கெஞ்சியது. கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறதோ. அடித்தாள். பனங்காட்டுக்குள் பாம்பு கிடக்குமே. அடித்தாள். அந்தப் பக்கம் ரோடு உண்டா, மணல் லாரி வருமா, விலாசம் சொல்லிக்கொடுத்தோமே ஞாபகம் வைத்திருக்குமா, யாராவது மிட்டாய் கொடுத்தால் வாங்கக்கூடாது என்று சொன்னோமா, சொன்னோம், ஆயிரம் தடவை சொன்னோம். ஷூச் சத்தம் நின்றுபோனது. நிமிரவில்லை. நிமிர்ந்தால் கை நின்றுவிடும், கை நின்றால் சுவர் ஓடிவிடும். அழுதுகொண்டே, மூக்கு ஒழுக ஒழுக, யார் மேலோ உள்ள ஆத்திரத்தைத் தீர்க்கிற மாதிரி அடித்தாள். முளை தலைவரைக்கும் இறங்கியது.

மணிக்கட்டில் இழுத்துக்கொண்டிருந்தது அறுந்தாற்போல விட்டது. சுவர், எருமை படுக்கிற மாதிரி, ஒரு பெருமூச்சோடு தன் இடத்தில் உட்கார்ந்தது.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டு திறந்து கிடந்தது. பிள்ளையைக் காணோம். நிலைப்படிக்கு அந்தப் பக்கம், வெறும் மண்ணில், இரண்டு ஷூ மட்டும் கிடந்தன.

விழுந்தடித்து ஓடி, நிலைப்படியைத் தாண்டப் போனவள், ஷூக்களைப் பார்த்ததும் நின்றாள். ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒழுங்காக வைத்திருந்தது. சாக்ஸை உருட்டி உள்ளே திணித்திருந்தது. முன்னெல்லாம் வீட்டு வாசலில் வந்ததும் நிவி அப்படித்தான் கழற்றி வைப்பாள். ஸ்கூல் விட்டாகிவிட்டது. அங்கிருந்து வெறுங்காலின் தடம் பனைகளைப் பார்த்துப் போய், கரை மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"நிவீ!"

பதில் இல்லை. பனையோலை சலசலத்தது. ஒரு கொக்கு எழுந்து பறந்தது. செண்பகா நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள்.

"என்னம்மா?" என்று குரல் வந்தது. பக்கத்தில் இருந்தா, தொலைவில் இருந்தா, எந்தத் திக்கில் இருந்து என்று அவளால் சொல்ல முடியவில்லை. மகளின் குரல் அவள் வரையாத இடத்தில் இருந்து வருவது அதுதான் முதல் தடவை.

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"போயிட்டு வா" என்றாள்.

"சரிம்மா!"

நிலைப்படியில் உட்கார்ந்தாள். பின்னால், ஊருக்குள், நீளமணி அடித்தது. முளை இறங்கியது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை; ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சல் கேட்டது. ரொம்ப நாளாகக் கேட்காதது, ஓவென்று, தெருவுக்குத் தெரு கூடிக்கொண்டே கேட்டை நோக்கி வந்தது. அதற்கும் பின்னால், தூக்கத்தில் இருந்து எழுந்த தாய்மார்கள் பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் வந்தது, ஒவ்வொரு குரலிலும் பயம் இருந்தது. செண்பகா குனிந்து, பிள்ளைகள் ஓடி வரும்போது மிதித்துவிடாமல் இருக்க அந்த இரண்டு ஷூவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வழியை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.